விழாதவர்களுக்கு மட்டும் உரிமம்

அந்தப் பயிற்சி நிலையத்தில் பதினொரு வருடமாக ஒருவர்கூட ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது கிடையாது. இதை அவர்கள் அடக்கமாக மறைத்து வைக்கவும் இல்லை. வாசலில் நுழைந்ததும் ஆள் உயரப் பலகை ஒன்று நிற்கும். "விபத்தில்லா நாட்கள்: 4,026" என்று அதில் எழுதியிருக்கும். தினமும் காலை பத்து மணிக்குத் தலைமைப் பாதுகாப்பு அலுவலர் வந்து தன் கையாலேயே எண்ணை மாற்றுவார். அப்போது ஊழியர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். மாற்றி முடித்ததும் அன்றைய முக்கியமான வேலை முடிந்துவிட்ட நிம்மதியில் டீ குடிக்கப் போவார்கள்.

ஊசிக்காரம்மா முதல் நாள் அந்தப் பலகையைப் பார்த்தபோது அவளுக்குத் தெம்பாகத்தான் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் ஸ்கூட்டர் பழக வந்திருக்கிறோம், கைகாலை உடைக்காமல் சொல்லித் தரும் இடமாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், பலகையைப் பார்த்தாளே தவிர, மைதானத்தைப் பார்க்கவில்லை. மைதானத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பத்தொன்பது வருடமாக ரத்தம் எடுப்பவள். குழந்தைகள், கிழவர்கள், நரம்பே தென்படாத பருத்த கைகள் எல்லாவற்றிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். "குத்தினீங்களா என்ன?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஊசிக்காரம்மா என்ற பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. போன மாதக் கடைசியில் லேபில் எல்லாருக்கும் ஒரு கடிதம் கொடுத்தார்கள். இனிமேல் லேபுக்கு யாரும் வர வேண்டியதில்லை, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கப்படும், ஆகவே முப்பதாம் தேதிக்குள் இருசக்கர வாகன உரிமம் பெற்று வருபவர்கள் வேலையில் தொடரலாம், மற்றவர்களின் நீண்டகாலச் சேவைக்கு நிர்வாகம் நன்றி தெரிவித்துக்கொள்கிறது. அந்த 'நன்றி'யை அவள் இரண்டு முறை படித்தாள். இப்போது வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான்.

வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். அச்சகம் மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. பழக்கம் மட்டும் போகவில்லை. மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பேனாவோடுதான் பிரிப்பார். தங்கமான மனிதர், ஆனால் பயந்தவர். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுவார். தெருவைக் கடக்க வலமும் இடமும் மூன்று முறை பார்ப்பார், அதற்குள் நாலாவது வண்டி வந்துவிடும். சைக்கிள்கூடத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவரை அவள் நிலையத்துக்கு அழைத்து வந்ததற்குக் காரணம் விண்ணப்பத்தின் ஏழாவது விதி. பயிலுபவர் விழுந்தால் தூக்குவதற்கு ஒரு துணையாளர் தினமும் உடன் வர வேண்டும், வகுப்பில் உட்கார வேண்டும், அதே பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

"பதினொரு வருஷமா யாருமே விழலையாமே, அப்புறம் தூக்க ஆள் எதுக்கு?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"சும்மா வாங்க. அவங்ககிட்ட கேள்வி கேட்டு வெக்காதீங்க" என்றாள் அவள்.

முதல் நாள் தலைமைப் பாதுகாப்பு அலுவலர் வரவேற்புரை ஆற்றினார். நல்ல உயரம், கஞ்சி போட்ட சட்டை, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. முப்பத்தொரு பயிலுநர்களும் அவர்களுடைய துணையாளர்களும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊர்ல நடந்த ஒவ்வொரு விபத்தையும் எடுத்து வெச்சு ஆராய்ச்சி பண்ணினோம்" என்றார் அவர். "மழையில நடந்திருக்கு, வெயில்ல நடந்திருக்கு. ஆம்பளை விழுந்திருக்காங்க, பொம்பளை விழுந்திருக்காங்க. ஆனா எல்லாத்துலயும் ஒரே ஒரு விஷயம் பொதுவா இருந்துச்சு. வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு! இத்தனை வருஷமா இதை யாரும் கவனிக்கல. நாங்க கவனிச்சோம். அடிவேர்லயே கை வெச்சோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஊசிக்காரம்மாவும் தட்டினாள். இரண்டாவது தட்டில்தான் அவர் சொன்னது அவளுக்கு உறைத்தது.

முதல் வாரம் முழுக்க ஹெல்மெட் வகுப்பு. எல்லாரும் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துக் கட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார வேண்டும். பயிற்றுநரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பாடம் எடுப்பார். அவர் சொல்வது இவர்களுக்கு 'ஊம், ஊம்' என்று மட்டும் கேட்கும். இவர்கள் சந்தேகம் கேட்டால் அது அவருக்கும் அப்படியே கேட்கும். அவர் தலையாட்டுவார், இவர்களும் தலையாட்டுவார்கள். ஐந்து நாளும் பாடம் இப்படி எந்தக் கருத்து வேறுபாடும் இல்லாமல் நடந்தது.

இரண்டாவது வாரம் பக்கக் கண்ணாடி. சுவரில் இரண்டு கண்ணாடிகளை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய் நின்று பார்க்க வேண்டும்.

"பின்னால என்ன தெரியுது?" என்றார் பயிற்றுநர்.

"எதிர்ச் சுவருங்க" என்றாள் ஊசிக்காரம்மா.

"சுவர் நெருங்கி வருதா?"

"இல்லைங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"அப்படியேதான் இருக்குங்க."

"அப்ப வலது பக்கம் திரும்பலாம். அடுத்தவங்க வாங்க."

மூன்றாவது வாரம் பயிற்சி வண்டியைக் காட்டினார்கள். ஒரு கொட்டகைக்குள் சிமென்ட் மேடை கட்டி, அதன்மேல் ஸ்கூட்டரை நான்கு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். பாதுகாப்பைக் கருதி இரண்டு சக்கரங்களையும் கழற்றிக் கிடங்கில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மேலும் பாதுகாப்பைக் கருதி இன்ஜினையும் எடுத்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் ஏறி உட்காரலாம்.

"ஆக்சிலேட்டரை முறுக்கிப் பாக்கலாமாங்க?" என்று கேட்டாள்.

பயிற்றுநர் பதறிப்போனார். "முறுக்குற மாதிரி மனசுல நினைச்சுக்கோங்க. கையால முறுக்காதீங்க. அப்புறம் அதுவே பழக்கமாயிடும்."

அவளுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தவர் ஒரு தச்சர். வண்டியை விட்டு இறங்கும்போது பழகிய பெஞ்சிலிருந்து எழுவதுபோல் இறங்கினார். ஆறாவது வருடமாக வருகிறாராம்.

"ஆறு வருஷமாவா? இன்னும் லைசென்ஸ் தரலையா?"

"கடைசி நாள் பரீட்சையிலதான் ஒவ்வொரு வருஷமும் போயிடுதும்மா." கட்டை விரலைக் காட்டினார். உளி பட்ட பழைய வெட்டு ஒன்று வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. "இது மறையட்டும், அப்புறம் வாங்கன்றாங்க. வருஷா வருஷம் லேசாத்தான் ஆகிட்டு வருது."

விரலில் வெட்டுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்க நேரமும் இல்லை, அவளுடைய மூன்று நிமிடம் ஓட ஆரம்பித்துவிட்டது. வண்டிதான் ஓடவில்லை.

பதினெட்டாம் தேதி ஆயிற்று. இன்னும் பன்னிரண்டு நாள். அவளுக்குத் தாங்கவில்லை. நேராகத் தலைமைப் பாதுகாப்பு அலுவலர் அறைக்குள் போய் நின்றாள்.

"ஐயா, வண்டி எப்பங்க ஓட்ட விடுவீங்க?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்டணுமா? எதுக்கும்மா?"

"என் வேலைக்குங்க. முப்பதாம் தேதிக்குள்ள லைசென்ஸ் இல்லேன்னா வேலை போயிடும். லைசென்ஸ் இருந்தாலும் ஓட்டத் தெரியணும் இல்லீங்களா?"

"உக்காருங்க" என்றார் கனிவாக. "உங்க மேல கோபம் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். லைசென்ஸ் வாங்கினவங்கள்ல விபத்து பண்ணினவங்க யாருன்னு பாத்தீங்கன்னா, எல்லாரும் வண்டி ஓட்டினவங்க. லைசென்ஸை வாங்கி அலமாரியில வெச்சவங்க ஒருத்தர்கூட விபத்து பண்ணினதில்ல. அதனாலதான் ஓட்டுற எண்ணத்தோட வர்றவங்களை நாங்க கொஞ்சம் கூர்ந்து கவனிப்போம்."

பிறகு அவளுடைய கோப்பை வரவழைத்து, சிவப்புப் பேனாவால் முதல் பக்கத்தில் எழுதினார்: "ஓட்டும் எண்ணம் உடையவர்."

அன்று பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அவள் அழுதாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட வரவில்லை. வேலை போனால் என்ன செய்வது என்று அவள் எவ்வளவு யோசித்தும் அதற்கு அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. ஊசி பிடிப்பதைத் தவிர அந்தக் கைக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்ல வராது. கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, "அந்த விண்ணப்பத்துல பதினாறு பிழை இருக்கு" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான், அதை அவளும் அறிவாள்.

வீட்டு மாடிப்படிக்குக் கீழே அவளுடைய தம்பி வெளியூர் போகும்போது விட்டுப்போன ஸ்கூட்டர் ஒன்று தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அதன் பக்கத்தில் படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது கேன் அக்கா வந்தாள். அந்தத் தெருவுக்கே தண்ணீர் கேன் போடுகிறவள் அவள். முன்னால் ஒரு கேன், பின்னால் இரண்டு கேன் கட்டிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் ஸ்கூட்டரில் போய் வருவாள்.

"என்ன தங்கச்சி, யாராச்சும் போயிட்டாங்களா?"

விஷயத்தைச் சொன்னாள்.

கேன் அக்கா கேனை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "மூணு வாரமா சுவரைப் பாத்துட்டு வந்தியா? நல்ல கூத்து! காலையில அஞ்சரைக்கு நம்ம தெருக்கோடிப் பழைய கிடங்குக்குப் பின்னாடி வா. ஷூ போட்டுட்டு வா, முழுக்கை சட்டை போட்டுட்டு வா. செருப்போட வந்தே, திருப்பி அனுப்பிடுவேன்."

"உங்களுக்கு லைசென்ஸ் இருக்காக்கா?"

"எனக்கெதுக்கு? எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே."

மறுநாள் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் பாடம் தொடங்கியது. கேன் அக்கா முதலில் இன்ஜினைக் கிளப்பவே விடவில்லை. தம்பி விட்டுப்போன வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலு சுற்று வரச் சொன்னாள். "இதோட கனம் உன் கைக்குத் தெரியணும். எந்தப் பக்கம் சாயும், எங்க தாங்கும்னு தெரியணும்." அப்புறம் பிரேக். இரண்டு கையையும் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் மெதுவாக அழுத்தச் சொன்னாள். "முதல்ல நிறுத்தக் கத்துக்கோ. கிளப்புறது பெரிய காரியமே இல்ல. பயம் வந்தா எல்லாரும் என்ன பண்ணுவாங்க தெரியுமா? கையை இறுக்கிப் பிடிப்பாங்க. இறுக்கினா ஆக்சிலேட்டர் முறுக்கிக்கும், வண்டி பாயும். பயம் வந்தா வலது கையைத் தளர்த்து."

இரண்டாம் நாள் கால்களைத் தரையில் இழுத்துக்கொண்டே ஊர்ந்தாள். கிடங்குக்குப் பின்னால் அந்த வெட்டவெளியில் இருந்தது ஒரே ஒரு கம்பம். அதன்மேல் மோதக் கூடாது என்று அதையே பார்த்தாள், வண்டி நேராக அதனிடமே போனது.

"கம்பத்தை ஏன் பாக்குற? அது உனக்கு மாமனா மச்சானா? நீ போக வேண்டிய இடத்தைப் பாரு!"

மூன்றாம் நாள் விழுந்தாள். மணலில் திரும்பிக்கொண்டிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்துவிட்டாள். சக்கரம் வழுக்கி, அவள் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகக் கிடந்தார்கள். முழங்காலில் தோல் வழன்றுவிட்டது. சுவரோரம் மருந்துப் பெட்டியோடு நின்றிருந்த வீட்டுக்காரர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவரும் விழுந்தார். கேன் அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு விழுந்தே, சொல்லு."

"திரும்பும்போது முன் பிரேக்கைப் பிடிச்சேன்."

"இனிமே பிடிப்பியா?"

"செத்தாலும் மாட்டேன்."

"அப்ப எந்திரி."

நான்காம் நாள் இன்னொரு தடவை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். ஏழாம் நாள் எட்டுப் போட்டாள். ஒன்பதாம் நாள் ஆளில்லாத தெருவில் போய், கேன் அக்கா கையை உயர்த்திய இடத்தில் சொல்லி வைத்ததுபோல் நிறுத்தினாள். ஹெல்மெட்டுக்குள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. முதல் குழந்தையின் கையில் ஊசி போட்டு அது அழாமல் இருந்த நாளுக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. இனி ஒரு பயலாலும் என் வேலையைப் பிடுங்க முடியாது என்று வாய்விட்டே சொன்னாள்.

இருபத்தெட்டாம் தேதி பரீட்சை.

மைதானத்துப் புல்லை ஒரு மூலையில் வெட்டி, தரையில் சுண்ணாம்பால் பெரிய எட்டு வரைந்திருந்தார்கள். தேர்வுக்கு வந்தவர்கள் ஸ்கூட்டரின் கைப்பிடியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு அந்த எட்டின் மேல் நடக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது என்றார்கள். பயிலுநர்களும் துணையாளர்களும், பதிவேட்டில் பெயர் இருக்கிற எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஒரு பெண் எழுத்தர் திரைக்குப் பின்னால் ஊசிக்காரம்மாவை அழைத்துப் போய், பூதக்கண்ணாடியை வைத்து முழங்காலையும் முழங்கையையும் பார்த்தாள்.

"சார், ரெண்டு வடு!" என்று அங்கிருந்தே கத்தினாள். மைதானம் முழுக்கக் கேட்டது.

தலைமைப் பாதுகாப்பு அலுவலர் வேகமாக வந்தார். "என்னம்மா இது?"

"விழுந்துட்டேங்க."

"எதுலேர்ந்து?"

படியிலிருந்து என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. "ஸ்கூட்டர்லேர்ந்துங்க" என்றாள்.

"அப்ப நீங்க ஓட்டியிருக்கீங்க!"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திருடி அகப்பட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். தச்சர் மட்டும் தன் கட்டை விரலைப் பையில் விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"ஐயா, அது பழகும்போது விழுந்ததுங்க. இப்ப நல்லா ஓட்டுவேன். வண்டி வாசல்லதான் நிக்குது. ஒரே ஒரு எட்டுப் போட்டுக் காட்டுறேன், நீங்களே பாருங்க."

"அய்யய்யோ!" அவர் இரண்டடி பின்வாங்கினார். "இந்த வளாகத்துக்குள்ளயா? நாலாயிரத்து ஐம்பது நாளும்மா! ஒரு சமுதாயத்தோட உழைப்பு! உங்க ஒருத்தங்க ஆசைக்காக அதைப் பூஜ்யமாக்கச் சொல்றீங்களா? விழுந்தவங்க மறுபடியும் விழ மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்? விழாதவங்களைப் பத்தி நமக்கு அந்தக் கவலையே இல்ல. அவங்க இதுவரைக்கும் விழுந்ததே இல்ல."

அவள் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். பத்தொன்பது வருட வேலை என்றாள், வீட்டில் வேறு வழியில்லை என்றாள், வேண்டுமானால் அடுத்த வருடம் மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறேன், இப்போதைக்கு ஒரு அட்டை கொடுங்கள் என்றாள். அவர் சிவப்புப் பேனாவை எடுத்து, ஏற்கெனவே எழுதியிருந்த "ஓட்டும் எண்ணம் உடையவர்" என்பதற்குக் கீழே, "ஓட்டியும் உள்ளார்" என்று எழுதி மூடிவிட்டார்.

வரிசை நகர்ந்தது. அடுத்து நின்றவர் வீட்டுக்காரர்.

பூதக்கண்ணாடி அவர்மேல் வெகுநேரம் அலைந்தது. பயிற்றுநர் ஒரு முறை பார்த்தார், தலைமைப் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐம்பது வருடமாக எதிலும் ஏறாமல், எதிலும் மோதாமல், எதையும் வெட்டாமல் காப்பாற்றி வைத்திருந்த உடம்பு அது. ஒரு கீறல் இல்லை. பதிவேட்டில் ஒரு நாள் விடாமல் கையெழுத்தும் இருந்தது.

"நீங்க வாங்க சார்" என்றார் தலைமைப் பாதுகாப்பு அலுவலர். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. கைப்பிடியை அவர் கையில் கொடுத்தார்கள். என்ன நடக்கிறது என்று புரியாமல் அவர் எட்டின் மேல் நடந்தார். சுண்ணாம்புக் கோடு வளைகிற இடத்திலெல்லாம் நின்று வலமும் இடமும் மூன்று முறை பார்த்தார். நடந்து முடிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. முடித்ததும் பயிற்றுநர் கைதட்டினார்.

"சார், எனக்கு ஓட்டத் தெரியாது. நான் இவங்களுக்குத் துணைக்கு வந்தவன்" என்றார் வீட்டுக்காரர், கையைக் கூப்பிக்கொண்டு.

"பாத்தீங்களா!" என்று தலைமைப் பாதுகாப்பு அலுவலர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "எனக்குத் தெரியும்னு சொல்றவன்தான் சார் மோதுறான். இந்தப் பணிவு வேணும். இந்த வருஷத்தோட முதல் தேர்ச்சி இவர்!"

உரிமத்தை மனைவி பெயருக்கு மாற்றித் தர முடியுமா என்று அவர் கேட்டுப் பார்த்தார். அதற்கு விதியில் இடமில்லை. துணைக்கு உரிமம் உள்ளவர் பின்னால் உட்கார்ந்தால் சேரும்போது கொடுத்த பழகுநர் அட்டையை வைத்துக்கொண்டு அவள் ஓட்டலாம், அது மட்டும் விதியில் இருக்கிறது என்றார்கள்.

மறுநாள் இரண்டு பேரும் லேபுக்குப் போனார்கள். மேனேஜரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஓட்டுவது நான், உரிமம் அவரிடம், அவர் பின்னால் உட்கார்ந்து வருவார், சட்டப்படி சரிதான் என்றாள். மேனேஜர் அட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அசல்தான்! இந்த நிலையத்து லைசென்ஸை நான் இப்பத்தான் கண்ணால பாக்குறேன். பிரமாதம். சாரை நாங்க சேத்துக்கறோம்."

"சாரையா? அவர் ரத்தத்தைப் பாத்தாலே மயங்கிடுவாருங்க!"

"ரத்தம் எடுக்குறதை நாலு நாள்ல சொல்லிக் குடுத்துடலாம்மா. லைசென்ஸை யார் சொல்லிக் குடுக்குறது?"

"அவருக்கு ஊசி பிடிக்க யாருங்க சொல்லிக் குடுப்பா?"

"ஏன், நீங்க இல்லையா? பத்தொன்பது வருஷ அனுபவம் இருக்கே" என்று சொல்லிவிட்டு, தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த நன்றிக் கடிதத்தில் அவள் பெயரை எழுதி நீட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் அவளை அறுத்தது. ஊசி பிடிக்கவும் தெரியும், வண்டி ஓட்டவும் தெரியும், ஆனால் இரண்டுக்கும் அவள் இப்போது யாரும் இல்லை. ஆனாலும் சம்பளம் வீட்டுக்குத்தானே வரப்போகிறது, எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

முதல் தேதி காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். முன்னால் அவள், பின்னால் கழுத்தில் லேப் அட்டையோடு அவர். ஏழு வீடு. கதவைத் தட்டி அவர் அட்டையைக் காட்டுவார், அவள் ரத்தம் எடுப்பாள், அவர் அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏழாவது வீட்டில் ஒரு பெரியவர், "குத்தினீங்களா என்ன?" என்று கேட்டபோது அவள் சிரித்துக்கொண்டே பஞ்சை வைத்து அழுத்தினாள். ஏழு குழாய்களையும் குளிர்ப்பெட்டியில் அடுக்கினாள். பத்து மணிக்குள் லேபில் சேர்க்க வேண்டும். தவறினால் ரத்தம் கெட்டுவிடும், முதல் நாளே அவருடைய வேலையும் போய்விடும். மணி ஒன்பது இருபது. மேம்பாலத்தைக் கடந்தால் லேப்.

மேம்பாலத்தின் உச்சியில் பந்தல் போட்டு, கூம்புகளை அடுக்கி, சாலைப் பாதுகாப்பு முகாம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கொடியோடு நின்றிருந்தவர் தலைமைப் பாதுகாப்பு அலுவலர். அவளை ஓரங்கட்டச் சொன்னார். அவள் சீராக வேகத்தைக் குறைத்து, கோடு தாண்டாமல் நிறுத்தினாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

"சார், நீங்களா!" அவர் முகம் மலர்ந்தது, பிறகு முன்னால் இருப்பவளைப் பார்த்துச் சுருங்கியது. "என்ன சார் இது? லைசென்ஸ் வாங்கினவர் பின்னாடி, ரெண்டு வடு வாங்கினவங்க முன்னாடி! இதைவிட ஆபத்து உண்டா?"

"விதிப்படி சரிதாங்க. என்கிட்ட பழகுநர் அட்டை இருக்கு" என்றாள்.

"விதி வேற, பாதுகாப்பு வேறம்மா. இறங்குங்க. சார் ஓட்டட்டும்."

"ஐயா, அவருக்கு ஓட்டத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அவர் இதுவரைக்கும் சாவியைக்கூடத் தொட்டதில்ல."

"அந்த அட்டையில என் கையெழுத்து இருக்கும்மா. நீங்க இவரை மட்டும் அவமானப்படுத்தல."

"அப்ப தள்ளிக்கிட்டே போயிடறோம்."

"மேம்பாலத்துல தள்ளிட்டுப் போறது குற்றம். வண்டியை எடுத்து வெச்சுக்க வேண்டியதா இருக்கும், அந்தப் பெட்டியோட சேத்து."

அவள் பெட்டியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எதிரே பாலம் நேராகக் கீழே இறங்கியது. அடிவாரத்தில் பஸ்களும் லாரிகளும் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் இறங்கினாள். வீட்டுக்காரர் இறங்கி முன்னால் ஏறினார். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய முதுகு சட்டைக்குள் நனைந்திருந்தது.

"எல்லாரும் கவனிங்க" என்று தலைமைப் பாதுகாப்பு அலுவலர் ஒலிபெருக்கியில் சொன்னார். "ஒரு முன்மாதிரி ஓட்டுநர் புறப்படுறார்."

வீட்டுக்காரர் வலமும் இடமும் மூன்று முறை பார்த்தார். பச்சைக் கொடி அசைந்தது. தலைமைப் பாதுகாப்பு அலுவலர் அன்போடு வண்டியின் பின்புறத்தில் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். சக்கரம் உருண்டது, சரிவு தன் பங்குக்கு இழுத்துக்கொண்டது, காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் தலையைத் திருப்பாமல், மெதுவான குரலில் கேட்டார்.

"இதுல பிரேக் எது?"